ஊர்காண் காதையும் வீடுகாணாக் காதையும்

ஆகஸ்டு மாதம் பிறந்தால் சென்னைப் பட்டணத்தின் அழகை எழுத ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. 1639 ஆகஸ்டு 22ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குக் கடலோரத்தில் ஒரு துண்டு நிலம் எழுதிக் கொடுக்கப்பட்டதை நகரத்தின் பிறந்த நாள் என்று வைத்துக்கொண்டு, 2004லிருந்து 'மெட்ராஸ் டே' கொண்டாடுகிறார்கள். அந்த வாரத்துப் பத்திரிகைகளைப் புரட்டினால் ஒரே மணம்தான். மாட வீதியின் காப்பி, மார்கழிக் கச்சேரி, மெரினா காற்று, சிவப்புக்கல் கட்டடங்கள், மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள். (மூர் மார்க்கெட் 1985லேயே எரிந்துபோயிற்று. கட்டுரைகளில் மட்டும் இன்னும் கடை திறந்திருக்கிறது.) ஒரு பெருநகரம் தன்னில் வாழ்கிறவர்களையும் வந்துபோகிறவர்களையும் எதைக் காட்டி இழுக்கிறது என்று கேட்டால், இதுதான் பதில் என்று இந்த எழுத்து நம்புகிறது.

நான் இவற்றை ஒன்றுவிடாமல் படிக்கிறவன். கொஞ்சம் பொறாமையோடு படிக்கிறவன் என்றும் சொல்லிக்கொள்ளலாம். படிக்கப் படிக்க ஒரு விஷயம் புலப்பட்டது. இதை எழுதுகிற ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் ஒரு வீட்டுச் சாவி இருக்கிறது. சாயங்காலம் திரும்பிப்போக வீடு உள்ளவன் பார்க்கிற நகரம் இது. அவனுக்கு நகரம் ஒரு காட்சி.

2025ல் அதே ஆகஸ்டு மாதம், பிறந்த நாளுக்குச் சில நாள் முன்பு, 13ந் தேதி நள்ளிரவில், ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாளாக உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களைப் போலீஸ் தூக்கி வண்டிகளில் ஏற்றியது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குத் தள்ளிவிடாதே, எங்களை நிரந்தரமாக்கு என்பதுதான் அவர்கள் கேட்டது. அதில் முக்கால்வாசிப்பேர் பெண்கள். எந்தச் சாதிப் பெண்கள் என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1913ல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடம் ராத்திரியில் விளக்குப் போட்டு நிற்கிற படம், சென்னையின் அழகுகள் வரிசையில் தவறாமல் வரும். வாசல் நடைபாதையில் படுத்திருந்தவர்கள் அந்தப் படத்தில் விழமாட்டார்கள். எங்கே நின்று எடுத்தால் விழமாட்டார்கள் என்று படம் எடுக்கிறவனுக்குத் தெரியும். எழுதுகிறவனுக்கும் தெரியும்.

இதை நன்றிகெட்டதனம் என்று திட்டிவிட்டுப் போய்விடலாம். நான் திட்ட வரவில்லை. நகரத்தைப் பார்க்கிற இந்தப் பார்வைக்குத் தமிழில் ஒரு நீண்ட பழக்கம் இருக்கிறது. அதை வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

எம்.ஏ. வகுப்பில் பட்டினப்பாலை, மதுரைக்காஞ்சி என்று நகர வளத்தை உருப்போட்டோம். நாளங்காடி, அல்லங்காடி என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையை எடுத்துக்கொள்வோம். வெளியூர்க்காரன் ஒருவன் ஒரு பெருநகரத்தைச் சுற்றிப் பார்க்கிறதைச் சொல்லும் பகுதி அது. கோவலன் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு மதுரைக்குள் நுழைகிறான். கணிகையர் வீதி, மணிக் கடைகள், பொன் கடைகள், துணிக் கடைகள், கூலக் கடைகள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்புகிறான். இன்றைய சுற்றுலாக் கையேட்டில் போடலாம், அப்படி ஒரு வருணனை.

அதற்கு முந்தைய காதையின் பெயரை எங்கள் வகுப்பில் யாரும் நிறுத்திப் படிக்கவில்லை. புறஞ்சேரி இறுத்த காதை. வந்தவர்கள் தங்கியது மதிலுக்கு வெளியே. அந்தப் புறஞ்சேரி துறவிகள் இருந்த இடம், இன்றைய சேரி அல்ல. இரண்டையும் நான் குழப்பவில்லை. நான் பார்ப்பது காதைகளின் வரிசையை. முதலில் நகரத்துக்கு வெளியே தங்கல், பிறகு நகரத்தைச் சுற்றிப் பார்த்தல், பிறகு அடைக்கலம். கடையை எல்லாம் திறந்து காட்டிய மதுரை, வந்தவனுக்கு ஒரு வீட்டைக் காட்டவில்லை. வீடு கொடுத்தவள் ஆயர் குலத்து மாதரி. அவளும் கடைவீதிக்காரி அல்ல, இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறவள். சிலம்பை விற்கப் போனவனைக் கடைவீதி கொலைக்களத்துக்கு அனுப்பியது. அடைக்கலம் கொடுத்த மாதரி, காக்க முடியாமல் போயிற்றே என்று கடைசியில் தீயில் விழுந்து சாகிறாள். நகரத்தின் கவர்ச்சியைப் பாடின காப்பியமே அந்த நகரம் வெளியூர்க்காரனுக்கு என்ன கொடுத்தது என்பதையும் சொல்லியிருக்கிறது. நம் பேராசிரியர்கள் ஊர்காண் காதையோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

மதுரையை எரிக்கும்போது கண்ணகி, பார்ப்பாரையும் பசுவையும் பத்தினிகளையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்கிறாள். தீக்கும் ஒரு பட்டியல் கொடுத்து அனுப்புகிறாள். இந்தப் பட்டியலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணகியிடம் திரும்பி வருகிறேன்.

நவீன இலக்கியத்துக்கு வருவோம். புதுமைப்பித்தன் 1934ல் மணிக்கொடியில் எழுதிய 'பொன்னகரம்', தலைப்பிலேயே பட்டணத்தின் பகட்டைக் கிண்டல் செய்கிற கதை. பொன்னகரத்துக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது என்று காட்டியவர் அவர். அதற்காக அவருக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. ஆனால் அம்மாளுவின் சந்து அவருக்கு ஒரு கல். கற்பு பேசுகிறவர்களின் மண்டையில் எறிய எடுத்த கல். எறிந்ததும் அவர் கை காலியாகிவிடுகிறது. அந்தச் சந்தில் மறுநாள் விடிந்து என்ன நடந்தது என்பது கதையில் இல்லை. பத்து வருசம் கழித்து அவரே ஒரு விருந்தாளியைப் பட்டணத்துக்கு வரவழைத்தார். அது சாதாரண ஆள் இல்லை, கடவுள். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில் கந்தசாமிப் பிள்ளையைப் பார்க்கிறார், இருவரும் காப்பி ஓட்டலுக்குப் போகிறார்கள், பிள்ளையின் வீட்டுக்கே போய்த் தங்கிவிடுகிறார். தமிழில் பட்டணத்துக்கு வந்த விருந்தாளிகளில் இவ்வளவு சீக்கிரம் வீடு கிடைத்தவர் வேறு யாரும் இல்லை. ரசித்துச் சிரித்துப் படித்த கதைதான். ஆனாலும் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறும்பு தோன்றும். கடவுள் கைலாசத்திலிருந்து வராமல் வேங்கிக்கால் காலனியிலிருந்து வந்திருந்தால் பிள்ளைவாள் என்ன செய்திருப்பார்? காப்பி வாங்கிக் கொடுத்திருப்பார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு அப்புறம்தான் சந்தேகம்.

ஜெயகாந்தன் 'உன்னைப்போல் ஒருவ'னில் குடிசைக்குள்ளேயே போனார்; 1965ல் அதைப் படமாகவும் எடுத்தார். தலைப்பே நேராக வாசகனைப் பார்த்துப் பேசுகிறது. ஆனால் அந்தக் குடிசைக்கு ஏழ்மை இருக்கிறது, சாதி இல்லை. சேரி என்கிற சாதிக் குடியிருப்பு, நகரத்துக்கு வந்ததும் 'குடிசைப் பகுதி' என்கிற ஏழைக் குடியிருப்பாகப் பெயர் மாறிவிட்டதே, அந்த மாற்றத்தை இடதுசாரி எழுத்து அப்படியே ஏற்றுக்கொண்டது. அரசாங்கமும் 1970ல் குடிசை மாற்று வாரியம் என்றுதான் பெயர் வைத்தது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' இன்னும் நுட்பமானது. குழாயில் காற்று மட்டும் வருகிற கோடையில் குடத்தோடு அலைகிற பெண்களைப் படித்தால் தொண்டை வறளும். நகரம் என்பது கடற்கரை அல்ல, குழாயடி என்று காட்டிய நாவல் அது. அந்தக் குழாயடி வரிசைக்குள் யார் யாரோடு நிற்பார்கள், யார் குடம் யார் குடத்தில் படலாம் என்கிற கேள்வியை அது கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்.

அப்படியென்றால் நகரம் நமக்குக் கவர்ச்சியில்லாத இடமா? இல்லவே இல்லை. இங்கேதான் நம் கதை மற்றவர்கள் கதையிலிருந்து பிரிகிறது. கிராமத்தின் ஆன்மாவை நகரம் தின்றுவிட்டது என்று அழுகிற நாவல்கள் தமிழில் வண்டி வண்டியாக இருக்கின்றன. அந்தக் கிராமத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவன் அழ மாட்டான். 1948 நவம்பர் 4ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிச் சொன்னது பலருக்கு இன்றுவரை கசக்கிறது. குறுகிய புத்தியும் அறியாமையும் சாதிவெறியும் குடியிருக்கும் இடம் அது என்கிற பொருளில் பேசினார். காந்தியவாதிகள் கொதித்தார்கள். எங்கள் தெருவில் அதைப் படித்துக் காட்டினால் யாரும் கொதிக்க மாட்டார்கள். "இதுல புதுசா என்னா சொல்லிட்டாரு?" என்பார்கள்.

எங்க மாமா ஒருத்தர், சின்ன வயசுலயே சென்னைக்குக் கொத்து வேலைக்குப் போனவர். பட்டணத்துல உனக்கு எது மாமா ரொம்பப் பிடிச்சது என்று கேட்டேன். கடல், சினிமா, எல்.ஐ.சி. கட்டடம் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"கிளாஸுடா" என்றார்.

"நம்ம ஊரு டீக்கடையில நமக்குன்னு தனி டம்ளரு. குடிச்சிட்டு நாமளே கழுவிக் கவுத்தணும். அங்க எல்லாருக்கும் ஒரே பக்கெட்டு, ஒரே தண்ணி. எனக்கு முன்னாடி குடிச்சவன் எந்தச் சாதின்னு எனக்குத் தெரியல. எனக்கு அப்பறம் குடிச்சவனுக்கும் தெரியல. நின்னுகினு ரெண்டு டீ குடிச்சேன்."

"டீ நல்லா இருந்துச்சா?"

"சாக்கடத் தண்ணி மாதிரி இருந்துச்சு."

மாட வீதிக் காப்பியைப் பற்றி நான் படித்த அத்தனை கட்டுரைகளையும் இந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நகரத்தின் கவர்ச்சி பற்றித் தமிழில் சொல்லப்பட்டவற்றில் எனக்குத் தெரிந்த சிறந்த விமர்சனம் இதுதான். ருசியைப் பற்றிப் பேசவே இல்லை. யாரென்று கேட்காமல் கொடுத்ததைப் பற்றிப் பேசுகிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரலாம், சினிமாக் கொட்டகையில் தோளோடு தோள் இடிக்கலாம், ஓட்டலில் இலையைப் போட்டுச் சாப்பிடலாம். பெயரைச் சொல்லாமல் ஒரு நாள் முழுக்க நடக்கலாம். அந்த நாளுக்காக ஊரை விட்டு ஓடி வந்தவர்கள்தான் இந்த நகரத்தைக் கட்டியவர்கள்.

நம் எழுத்தும் அங்கிருந்துதான் வந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893ல் 'பறையன்' பத்திரிகையை அங்கே தொடங்கினார். அயோத்திதாசர் 1907ல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். ஒரு கிராமத்தில் உட்கார்ந்து 'பறையன்' என்று தலைப்புப் போட்டு ஒரு தாளை அச்சடித்திருக்க முடியுமா? அச்சுக்கூடமும் தபாலும், விலாசம் கேட்டு வந்து வீட்டைக் கொளுத்தாத தெருவும் வேண்டியிருந்தது. மெட்ராஸ் டே நடைப்பயணங்களில் ராயப்பேட்டையில் எதை எதையோ நின்று பார்க்கிறார்கள். தமிழன் அச்சான இடம் என்று ஒரு நிமிசம் நிற்கலாம்.

ஆனால் நகரம் சாதியை மறந்த இடம் என்று நாமே நம்மை ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. 1921ல் பின்னி ஆலை வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களுக்கும் சாதி இந்துக்களுக்கும் நடந்த கலவரமாக முடிந்தது, குடிசைகள் எரிந்தன. ஆலைக்குள் ஒரே சங்கு ஊதியது. ஆலையை விட்டு வெளியே வந்ததும் ஆளுக்கொரு தெரு. டீக்கடை ஐந்து நிமிச இடம், பஸ் அரை மணி நேர இடம். நகரத்தின் சமத்துவம் இப்படி நிமிசக் கணக்கில் இருக்கிறவரை தாராளமாகவே கிடைக்கும். ராத்திரி தங்க இடம் கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்டேன். வேலை நிமித்தமாகச் சில வருசம் சென்னையில் இருக்க வேண்டி வந்தது. வீடு தேடி ஒரு தெருவில் மாடி ஏறினேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "சொந்த ஊர் எது தம்பி?" திருவண்ணாமலை என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அண்ணாமலையார் ஊரா! நாங்க மாசாமாசம் பௌர்ணமிக்கு வந்துடுவோமே. பதினாலு கிலோமீட்டரும் வெறுங்காலோட நடப்போம்." உள்ளே இருந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த அம்மா எங்கள் ஊரின் காற்றைப் பற்றி, மலையைப் பார்த்ததும் மனசு அடங்குவதைப் பற்றிச் சொன்னார்கள். கேட்க எனக்கே பெருமையாக இருந்தது. "திருவண்ணாமலையில எந்த இடம்?" வேங்கிக்கால் என்றேன். "தெரியுமே, வேலூர் ரோட்டுல, கலெக்டர் ஆபீஸ் இருக்கே. நீங்க ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமா?"

எங்கள் ஊரை அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். காலனி என்றேன். நாளைக்குப் போன் பண்ணுகிறேன் என்றார். நான் எழுந்து வரும்போதுதான் மேசையில் அந்தத் தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன். அதில் பாதி அப்படியே இருந்தது.

அந்த மனிதரை வில்லனாக்கி ஒரு சிறுகதை எழுதலாம், நான் எழுதவில்லை. எனக்கு அதில் வேறொன்று பிடிபட்டது. அவர் என் ஊருக்கு விருந்தாளி, நான் அவர் ஊருக்கு விருந்தாளி. அவருக்கு என் ஊர் பிடித்திருக்கிறது, எனக்கு அவர் ஊர் பிடித்திருக்கிறது. பௌர்ணமி ராத்திரி லட்சம் லட்சமாக வருகிறவர்களை எங்கள் ஊர் யாரென்று கேட்பதில்லை. இட்லி விற்கிறோம், செருப்பைப் பார்த்துக்கொள்கிறோம், விடிந்தால் அவர்கள் போட்டுவிட்டுப் போன தட்டுகளை அள்ளுகிறோம். அள்ளுகிறவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று அவருக்கும் தெரியும். அதே மாவட்டத்தில் தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில், 2023 ஜனவரி 30ல், நம் சனங்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் கால் வைக்கக் கலெக்டரும் நூற்றுக்கணக்கில் போலீசும் வர வேண்டியிருந்தது. பல பத்து ஆண்டுகளாக உள்ளே விடப்படாதவர்கள் அவர்கள். எங்கிருந்தோ வருகிறவனுக்கு மலையே திறந்திருக்கிறது. உள்ளூர்க்காரனுக்குத் தெருக்கோடி அம்மன் கோயில் பூட்டியிருந்தது. ஓர் ஊரை வந்துபோகிறவர்கள் கண்ணால் மட்டும் அளந்தால் இதெல்லாம் அளவுக்குள் வராது. ஆன்மிகப் பயணக் கட்டுரைகளின் சங்கதி இது. தனியாக எழுத வேண்டியது.

அம்பேத்கர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில், பரோடாவில் வீடு தேடிய கதைதான் என்னை அதிகம் படுத்துவது. வெளிநாட்டில் படித்துவிட்டு 1917ல் சமஸ்தான வேலைக்கு வருகிறார். இந்து ஓட்டல் எதுவும் ஏற்காது என்று பார்சி சத்திரத்தில் பார்சிப் பெயரில் தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. அன்று சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும். ஓர் இந்து நண்பர், ஒரு கிறிஸ்தவ நண்பர், இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்க்கிறார். இரண்டு பேரும் நாசூக்காகக் கைவிரிக்கிறார்கள். காமாத்தி பாக் என்கிற பூங்காவில் பொழுதைப் போக்கிவிட்டு, ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்புகிறார். அந்தப் பூங்கா அழகான பூங்கா, இன்றும் சுற்றுலாக்காரர்கள் போகிறார்கள். பூங்காவுக்குள் அவரை யாரும் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நகரம் நமக்குப் பூங்காவைத் தரும், பெஞ்சைத் தரும். கதவைத்தான் தராது.

சென்னை தராதது மட்டுமல்ல, இருந்ததையும் எடுத்துக்கொண்டது. அதுவும் அழகின் பெயரால். 1985ல் மெரினாவை அழகுபடுத்தக் கட்டுமரங்களை அப்புறப்படுத்தியபோது மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. கட்டுமரம் கிடக்கிற கடற்கரை அசிங்கம், கட்டுமரத்தைச் சித்திரமாக வரைந்த ஓட்டல் சுவர் அழகு. 2000லிருந்து, கூவக்கரை அடையாற்றங்கரை என்று அள்ளிய குடும்பங்களைத் துரைப்பாக்கத்துக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பதினைந்தாயிரத்துக்கும் மேலே வீடுகள். பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்தின் எட்டு மாடிகள். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் வேலை இருக்கிற தெருவிலிருந்து இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி விழுந்தார்கள். வேலையோடு சேர்த்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போயிற்று. விலாசத்தைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று வேறு விலாசம் சொல்கிற பையன்கள் அங்கே உண்டு. கிராமத்தில் காலனி, நகரத்தில் நகர்.

அந்த முதல் குடியிருப்புக்கு வைத்த பெயர், கண்ணகி நகர். வைத்தவர்கள் சிலப்பதிகாரம் தெரியாதவர்கள் அல்ல, நன்றாகத் தெரிந்தவர்கள். நகரம் தன் புருசனைக் கொன்றதற்காக நகரத்தையே எரித்தவளின் பெயரை, நகரம் வெளியே வீசியவர்களின் தலையில் எழுதியிருக்கிறார்கள். தெரிந்து செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். காப்பியத்தில் தீக்குக் கொடுத்த பட்டியலில் காப்பாற்றப்பட வேண்டியவர்கள் இருந்தார்கள். அரசாங்கத்தின் பட்டியலில் அப்புறப்படுத்தப்பட வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பட்டியலிலும் முதலிடம் யாருக்கு என்பதில் மட்டும் சந்தேகம் வராது.

2020ல் ஒரு கலை அமைப்பும் பெயிண்ட் கம்பெனியும் சேர்ந்து கண்ணகி நகரின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். ஓவியங்கள் நன்றாகவே இருக்கின்றன. பொய் சொல்ல மாட்டேன். அங்கே உள்ள பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. காமிராவோடு ஆட்கள் வருகிறார்கள். வெளியே வீசப்பட்டவர்களின் குடியிருப்பே இப்போது வந்துபோகிறவர்கள் பார்க்கிற இடமாகிவிட்டது. சுவரைப் பார்க்க வருகிறவர்கள் சுவருக்குப் பின்னால் எத்தனை பேர் ஓர் அறையில் படுக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை என்பது பழைய குற்றச்சாட்டு. எனக்குப் புதிதாகத் தோன்றுவது இது. அந்தச் சனங்கள் கூவக்கரையில் இருந்தபோதே அந்தச் சுவர்களில் வரைந்திருக்கலாமே? அங்கே வரைந்திருந்தால் அவர்களை அப்புறப்படுத்துவது கஷ்டமாகியிருக்கும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடியில் தங்கம் வாங்கினார்கள். அந்த அணியில் கண்ணகி நகர்ப் பெண் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவள் தன் ஊரை மறைக்காமல் சொன்னாள். ஓவியங்கள் செய்யாததை அது செய்தது என்றே நினைக்கிறேன்.

நம் தரப்பு எழுத்தும் படமும் இந்தப் பத்துப் பதினைந்து வருசத்தில் நகரத்தைத் திருப்பி வைத்திருக்கின்றன. பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) ஒரு சுவரை நடுவில் நிறுத்திற்று. வடசென்னை ரவுடிகளின் ஊர் என்று காட்டிக்கொண்டிருந்த சினிமாவில், ஹவுசிங் போர்டு மாடிப்படியில் உட்கார்ந்து காதலிக்கிற, கால்பந்து ஆடுகிற, புத்தகம் படிக்கிற ஆட்கள் வந்தார்கள். தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' (2018) சிந்தாதிரிப்பேட்டையைப் பார்வையாளனாக நின்று வருணிக்கவில்லை. அதில் கூவம் நாறுகிறது, ஆனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு யாரும் எழுதவில்லை. அங்கே பிறந்தவன் அப்படித்தான் எழுதுவான். அந்த நாவலின் பேச்சுமொழியைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்களிடம் ஒன்று கேட்பேன், காப்பி மணத்துக்கு அகராதி இருக்கும்போது கூவத்து மணத்துக்கு இருக்கக் கூடாதா? எனக்கு இந்த எழுத்துகளிடமும் ஒரு மனத்தாங்கல் உண்டு. பிறந்து வளர்ந்த பேட்டையைச் சொல்கிற அளவுக்கு, மூட்டையோடு வந்து இறங்கி அறை தேடுகிற ஆளை இவை சொல்லவில்லை. பெரும்பாக்கத்தின் எட்டாவது மாடிக்கும் இன்னும் ஒரு நாவல் வரவில்லை என்பதே என் எண்ணம். வந்திருந்து நான் படிக்காமல் இருந்தால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

எங்க மாமா கடைசியில் ஊருக்கே திரும்பிவிட்டார். பட்டணத்தில் இருபது வருசத்துக்கு மேல் வீடுகளாகக் கட்டினார். தெருவுக்குள் ஒரு வாடகை வீடு அவருக்கு அமையவில்லை. ஆற்றோரத்தில்தான் இருந்தார். அந்தக் குடிசையையும் எடுக்கச் சொன்ன அன்று, சாமான்களைப் பார்க்காமல் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது வேங்கிக்கால் ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிறார்.

செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போகிற பஸ் இப்போது கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறது. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பஸ் நிலையம், விமான நிலையம் மாதிரி பளபளவென்று இருக்கிறது. ஆனால் பட்டணம் அங்கிருந்து இன்னொரு பஸ் தூரம். 2024 மே மாதத்திலிருந்து திருவண்ணாமலைக்கும் சென்னைக் கடற்கரைக்கும் நேர் ரயில் விட்டிருக்கிறார்கள். விட்டபோது டிக்கெட் 50 ரூபாய். விடிவதற்கு முன்னால் கிளம்புகிறது. வருகிற ரயிலில் கிரிவலம் போகிறவர்கள் வருகிறார்கள், போகிற ரயிலில் எங்கள் தெருப் பையன்கள் போகிறார்கள். போன மாதம் மாமாவின் மகன் அதில் போனான். ஸ்டேஷனுக்கு மாமாவும் வந்திருந்தார்.

"எங்கடா தங்குவ?"

"கூட வேல செய்யிற பசங்களோட, ஒரு ரூம்ல எட்டு பேரு."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "டீ குடிச்சிட்டுப் போன் பண்ணு" என்றார்.